பஸ்ஸில் மகளுக்கு ஊட்டிய உம்மா

நோன்பு மாதத்தில் ஒரு நாள், கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் இருந்தார். கறுப்பு அபாயா, காய்ந்து வெடித்த உதடு. மடியில் பத்து வயது மதிக்கத்தக்க மகள் தூங்கினாள். அவளுடைய நெற்றியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாலாவி வந்ததும் உலுக்கி எழுப்பிப் பாண் ரொட்டியைப் பிய்த்து நீட்டினார்.

“நானும் நோன்பு பிடிக்கிறன், உம்மா!” என்றுவிட்டு மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பாவம், விட்டுவிடுங்களேன்,” என்றேன்.

“ஏலாது, தங்கச்சி. நாங்க பசியில கிடந்தா உடம்புல உள்ள கொழுப்பு எரிஞ்சு தெம்பு குடுக்கும். இவளுக்குக் கொழுப்பமிலத்த உடைக்கிற நொதியம் பிறவியிலேயே சரியில்ல. பசிக்க விட்டா மயங்கிருவாள். ஒருக்கா ஆஸ்பத்திரியில பெரும்பாடுபட்டுத்தான் காப்பாத்தினாங்க.”

பின் சீட்டுப் பெரியவர் ஒருவர், “நோன்பு நாளில பஸ்ஸில வெச்சா தின்னக் குடுக்கிற?” என்று அதட்டினார்.

தாய் திரும்பி, அண்ணனை அழைக்கும் மரியாதையோடு சொன்னார்: “ஓம், நானா. இவள்ட உடம்பு அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

பிறகு பஸ் முழுக்கப் பார்த்திருக்க, கடைசித் துண்டு வரைக்கும் ஊட்டினார்.

“எவ்வளவு காலத்துக்கு இப்பிடி?” என்று கேட்டேன்.

“இவள் தானா எழும்பித் தின்னப் பழகுமட்டும்,” என்றார். அந்தக் குரலில் சலிப்பே இல்லை. அது அவரால் எப்படி முடிந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.