கொல்லைக்குத் தெலுங்கில் என்ன?

அக்கரைப்பாளையம் நகராட்சியில் பச்சையப்பனுக்குச் சங்கிலி இழுக்கிற வேலை. நிலம் அளக்கிற சர்வேயர் ஒரு முனையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். மறுமுனையை இழுத்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் ஓடுகிறவன் இவன். செயின்மேன் என்று பெயர். பதினோரு வருஷமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. ஆனாலும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினால், கமிஷனருக்கே இவன்தான் சம்பளம் கொடுக்கிற மாதிரி ஒரு நடை.

அந்த நடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆந்திர ராஜ்யம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மதராஸ் காலத்து உத்தியோகஸ்தர்கள் தெலுங்கு தெரியாமல் விழித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கோ தமிழ் ஆகாது. சித்தூருக்கும் புத்தூருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த பச்சையப்பனுக்கு இரண்டும் வாயில் ஓடும். இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லிச் சொல்லியே ஆபீசில் அவன் ஓர் ஆளாகிவிட்டான். ஒரே ஒரு குறை. தெலுங்கைப் பேசுவானே தவிர, ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை; யாரும் கேட்டதும் இல்லை.

ஊருக்கு ஒரு பிளான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது அப்போதுதான். எந்த இடம் குடியிருப்புக்கு, எது கடைக்கு, எது பயிருக்கு, எது பொது உபயோகத்துக்கு என்று பிரித்து வண்ணம் தீட்டி வரைபடம் தயாரிக்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர் படம் வரைகிற கலியமூர்த்தி. மாயவரம் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பச்சையப்பன் நிலத்துக்கு நிலம் போய்ச் சொல்லச் சொல்ல, அவர் தமிழில் குறித்துக்கொண்டே வந்தார்.

ஊரின் மேற்குக் கோடியில், சாலையோரம், பச்சையப்பனின் அக்கா அம்சவேணிக்கு எழுபது சென்ட் மானாவாரி நிலம். புருஷன் போய் ஒன்பது வருஷம். மழை பெய்தால் வேர்க்கடலை, ஏமாற்றினால் கொள்ளு. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"இது எங்க அக்கா கொல்ல சார்," என்றான் பச்சையப்பன். அக்கம்பக்கத்து நிலமெல்லாம் கிணற்றுப் பாசனம், அவற்றைக் கழனி என்று சொல்லிவிட்டான். வானம் பார்த்த நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் கொல்லை என்றுதான் பேர்.

மாயவரத்தில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறம். நிலத்துக்கு முன்னால் அம்சவேணியின் கூரை வீடும் இருந்ததா, கலியமூர்த்திக்குச் சந்தேகமே வரவில்லை. கொல்லை என்று எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றையும் தெலுங்கில் எழுதி மேலே அனுப்ப வேண்டியிருந்தது. கலியமூர்த்தி பாவம், ஐம்பது வயதுக்கு மேல் தெலுங்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்.

"ஏம்ப்பா பச்சையப்பா, வீட்டுக்குப் பின்னால எடம் இருக்குமே, அதைத் தெலுங்குல என்னன்னு சொல்லுவாங்க?"

"தொட்டி சார். அழுத்தக் கூடாது. ரெட்டின்றோம் பாரு, அந்த மாதிரி சொல்லணும்."

எதற்குக் கேட்கிறீர்கள் என்று இவன் கேட்கவில்லை. பாஷை கேட்டு வந்த அதிகாரிக்குப் பட்டென்று பதில் சொன்ன பெருமையில் அன்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தான்.

தெலுங்கில் தொட்டி என்றால் புழக்கடை. மாடு அடைக்கிற பட்டிக்கும் அதுதான் பேர். ஊர்மேயும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டை பந்தெல தொட்டி என்பார்கள். அக்கரைப்பாளையத்துக்கு ஒரு பவுண்டு வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கோரிக்கை இருந்தது. சாலையோரம் எழுபது சென்ட்டில் ஒரு தொட்டி ஏற்கெனவே இருக்கிறது என்று காகிதத்தில் பார்த்தவர்கள், தேடிய இடம் தானாக வந்தது என்று பொது உபயோகத்துக்கான ஊதா நிறத்தை அதன்மேல் பூசிவிட்டார்கள். இதில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருத்தனாவது அயோக்கியனாக இருந்தால் அவனைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

கலியமூர்த்தி மதராஸ் பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மாற்றலாகிப் போய்விட்டார். பிளான் அச்சாகி வந்தது. ஆட்சேபணை இருந்தால் அறுபது நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்று தெலுங்கில் நோட்டீஸ். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அதை ஊரெல்லாம் ஒட்டியவன் பச்சையப்பன். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, பாதிக்கப்படுகிற நிலங்களில் ஒவ்வொன்று. அக்கா நிலத்து வேலிக் கம்பத்திலும் ஒன்று ஒட்டச் சொல்லி நம்பர் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னாடா எழுதிக்கீது இதுல?" என்று கேட்டாள் அம்சவேணி.

அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லக்கா, ஊர அழகு பண்ணப் போறாங்களாம். நீ பாட்டுக்குக் கடல போடு," என்றான்.

அவள் கடலை போட்டாள். அறுபது நாளும் ஓடிப்போயிற்று. மற்றவர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எல்லைத் தகராறு தீராத காலம் அது. ஊர் எப்படியும் மதராஸோடு போய்விடும், இந்தத் தெலுங்குப் பிளான் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும் என்று டீக்கடையில் உட்கார்ந்தே ராஜ்யம் பிரித்தார்கள்.

ஐம்பத்தொன்பதில் கல் நட ஆட்கள் வந்தார்கள். இனி இந்த நிலத்தில் விதைக்கக் கூடாது, நஷ்டஈடு பிறகு வரும் என்றார்கள். அம்சவேணி நேராகத் தம்பியிடம்தான் ஓடி வந்தாள். ஆபீசில் விசாரித்தபோதுதான் தொட்டி என்ற சொல் அவன் காதில் விழுந்தது. யார் சொன்ன சொல் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

சொன்னானா? சொல்லவில்லை. "எல்ல முடிவாவட்டும்க்கா. நம்ம ஊரு அந்தாண்ட போய்டும். அப்பறம் ஏது இந்தப் பிளானு," என்று அவளையும் ஏமாற்றித் தன்னையும் ஏமாற்றிக்கொண்டான். அந்த வருஷம் நிலம் தரிசாகக் கிடந்தது. அம்சவேணி ஊரார் கழனியில் களை எடுக்கப் போனாள்.

அறுபதாம் வருஷம் ஏப்ரலில் எல்லை முடிவாயிற்று. திருத்தணி தாலுகா மதராஸுக்குப் போனது. அக்கரைப்பாளையம் இருந்த இடத்திலேயே இருந்தது. பச்சையப்பனுக்கு ஒளிந்துகொள்ள இனி இடம் இல்லை.

புதிய பிளான் அதிகாரி நாகையா, கர்நூல்காரர், அதட்டத் தெரியாதவர். பச்சையப்பன் அவர் மேஜை முன்னால் நின்று, நடந்ததைத் தெலுங்கில் முழுக்கச் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மதராஸுக்குப் போன கிராமங்களின் தமிழ்க் கணக்குகளைக் கட்டி அனுப்பும்போது, கலியமூர்த்தியின் குறிப்புப் புத்தகமும் தமிழில் இருந்த ஒரே குற்றத்துக்காக அதோடு போய்விட்டது. ஆகவே கொல்லைக்கும் தொட்டிக்கும் சாட்சி இவன் ஒருத்தன்தான்.

"பிளானைத் திருத்தலாம்," என்றார் நாகையா தெலுங்கில். "சபை தீர்மானம் போடணும், மறுபடி நோட்டீஸ், மறுபடி அறுபது நாள், அப்புறம் மேலே உத்தரவு. ஆனா ஏன் திருத்துறோம்னு காரணம் எழுதணுமே அப்பா. தப்பு உன்னாலேன்னு நீ எழுதிக் கொடுத்தா, இந்த மாசம் நிரந்தரம் பண்ற பட்டியல்ல உன் பேரை எப்படி வைக்கிறது?"

ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் அடுத்த வீட்டுக் கழனியில் களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன் கொல்லய தொட்டின்னு சொன்னது நான்தான்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மாயவரத்துக்காரர் கேட்டது, இவன் சொன்னது, கடைசியாக, படிக்கத் தெரியாமலே ஒட்டியது.

"அந்தக் காகிதம் ரெண்டு மாசம் கம்பத்துல இருந்துச்சுடா," என்றாள் அம்சவேணி. "மழ வந்தப்ப நனஞ்சிடுமேன்னு சாக்கு போட்டு மூடினேன். ஆடு துன்னுடப் போவுதுன்னு முள்ளு வெச்சேன். என் தம்பி ஒட்டினதுன்னு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் காட்டினேன்."

பச்சையப்பன் அழுதுவிட்டான். அவள் அழவில்லை, அவனைத் தேற்றவும் இல்லை. உள்ளே போய் அடுப்புப் பற்றவைத்தாள்.

மறுநாள் அவன் சொல்லச் சொல்ல ஒரு குமாஸ்தா தெலுங்கில் எழுத, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். பட்டியலில் பேர் வரவில்லை. இரண்டு மாதத்தில் வேலையும் போயிற்று. காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டியில் கூடை தூக்கப் போனான். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக, வேறு யாருக்காவது இது நேர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தான், அப்படி நினைத்ததற்காக வெட்கமும் பட்டான். நான் அவனைத் தியாகி என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதை ஒரு வருஷம் தாமதமாகச் செய்தான். அந்த ஒரு வருஷம் அக்காவின் வயிற்றில் அடித்தது.

அறுபத்தொன்று ஆடியில் உத்தரவு வந்தது. ஊதாவைச் சுரண்டிவிட்டு, பயிர் நிலத்துக்குரிய பச்சையைப் பூசினார்கள். நாகையா ஆள் அனுப்பி, நகல் ஒன்றைப் பச்சையப்பன் கையில் கொடுத்து, வரி வரியாக அர்த்தமும் சொன்னார். அவன் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேற்குக் கோடிக்கு நடந்தான். முந்தின நாள் நல்ல மழை. மண் பதமாக இருந்தது. அம்சவேணி விதைக்கடலையை உடைத்து முறத்தில் வைத்திருந்தாள்.

"வந்துடுச்சுக்கா. ஒன் நெலம் ஒனுக்குத்தான். இன்னைக்கே போடலாம்."

அவள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுக்கத் தெலுங்கு.

"இதுல அப்படித்தான் எழுதிக்கீதா?"

"ஆமாக்கா."

"நீ படிச்சியா?"

நாகையா படித்துச் சொன்னார் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அது இன்னொருத்தர் சொன்னதுதானே.

கோபமாகக்கூட அவள் பார்க்கவில்லை. முறத்தைக் கூரைக்கு அடியில் தள்ளி, கோழி கிளறாமல் கூடையைக் கவிழ்த்து மூடினாள். காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "பள்ளிக்கூடத்து வாத்தியாராண்ட படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுச் சாலையில் ஏறினாள். பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். பச்சையப்பன் அவளோடு போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.