மேசையில் அமுங்கிய பெடல்

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் செங்கலடிக்குப் போய் அஜந்தாவிடமே கேட்கலாம். கேட்கும்போது சிரித்துவிடாதீர்கள். அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

அஜந்தா சொந்தமாகக் கராஜ் நடத்துகிறவள். போன வருசம் தன்னுடைய பழைய காருக்குப் பெரிய எஞ்சின் மாற்ற முடிவெடுத்தாள். ஏறாவூரில் பழைய வாகனச் சாமான் விற்கும் நௌஷாட்டிடம் ஒரு எஞ்சினும், அந்த எஞ்சின் இருந்த காரின் அக்சிலேட்டர் பெடலும் கிடைத்தன. எஞ்சினை இயக்கும் கொம்பியூட்டர் மட்டும் இல்லை. அது இல்லாமல் எஞ்சின் வெறும் இரும்பு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அப்ப வெளியால வேற ஒண்டு வாங்கிப் பூட்டுறன்" என்றாள். காரில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் திட்டம்.

அன்று வெள்ளிக்கிழமை மதியம். வயரிங் செய்யும் இஷாம் பெடலை மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, புதுக் கொம்பியூட்டரில் கொழுவி, பற்றரியையும் லப்டொப்பையும் இணைத்தான்.

"பெடல அமத்தினா இந்த இலக்கம் கூடும், அக்கா. நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாறன்."

நல்ல வெயில். கராஜில் அவள் மட்டும். எஞ்சின் தரையில் கிடந்தது. அதைத் தாங்கும் இரும்புகளை எங்கே வெல்டிங் வைத்து ஒட்டுவது என்று காரின் முன்பக்கத்தை அளந்துகொண்டிருந்தாள்.

டக்.

திரும்பினாள். லப்டொப்பில் இலக்கம் பத்து. மேசையில் இருந்த பெடல் கொஞ்சம் அமுங்கியிருந்தது…

ஸ்பிரிங் கோளாறாக்கும். இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

டக்… டக்.

முப்பது. அறுபது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே பெடல் இறங்கியது. மெல்ல… ஒரு கால் மிதிப்பதுபோல. எங்கிருந்தோ உப்புத்தண்ணீர் வாடை. சேற்று வாடை.

"ஆரது?"

நூறு.

வேறு யாருமென்றால் ஓடியிருப்பார்கள். அஜந்தா பற்றரி வயரைப் பிடுங்கி எறிந்தாள். இலக்கம் போய்விட்டது. பெடல் எழும்பவில்லை.

பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"இது என்ட கராஜ். என்ட எஞ்சின். கால எடு!"

இரண்டு கையையும் பெடலுக்கு அடியில் கொடுத்து இழுத்தாள். மேலிருந்து பாரம் அமத்தியது.

"எடுடா!"

அப்போதுதான் உணர்ந்தாள்…

அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வேறு விரல்கள்.

ஈரமாக. குளிராக.

அவையும் மேலே இழுத்தன.

அவள் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்தே இழுத்தாள்.

சடார்!

பெடல் எழும்பியது.

இஷாம் வந்தபோது மேசை நனைந்திருந்தது.

"என்ன தண்ணி, அக்கா?"

"தொடைச்சிட்டு வேலயப் பாரு."

எஞ்சினை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த கிழமையே காரில் ஏற்றினாள். அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது.

பிறகு ஒருநாள் நௌஷாட்டைச் சந்தையில் மறித்து, அது எந்தக் காரின் எஞ்சின் என்று கேட்டாள். அவன் மழுப்பினான். அவள் விடவில்லை.

"வாவிக்குள்ள பாஞ்ச கார், தங்கச்சி. புருசன்காரன் சண்டை பிடிச்சு, பொஞ்சாதியோட வேணுமெண்டே இறக்கினானாம். காரத் தூக்கக்குள்ள அவன்ட கால் அக்சிலேட்டர்லதான் இருந்திச்சாம்."

"அவ?"

நௌஷாட் தலையைக் குனிந்துகொண்டான்.

"கீழ குனிஞ்சபடி… ரெண்டு கையும் பெடலுக்கு அடியில."