குடை நிழலில் நின்ற காத்தாடி

என் தாய்மாமா வெயிலை விற்கிறார் என்று தெருவே கேலி செய்தது. தொண்ணூறுகளின் திருநெல்வேலியில் சூரிய மின்பலகையைக் கண்டவர்கள் குறைவு. அதைத் தோளில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா புலம்புவாள். தாயில்லாத தம்பி, அவள்தான் தூக்கி வளர்த்தவள்.

கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பலகை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.

அவர் பார்க்க வருவதாகச் சொன்ன நாளன்று காலையிலேயே மாமா மொட்டைமாடியில் பலகையைச் சாய்த்து வைத்து, ஒரு சின்னக் காத்தாடியை அதில் இணைத்தார். ஒத்திகைக்கு எதிரே உட்கார்ந்தவள் நான். வேலை செய்வது சூடு இல்லை, வெளிச்சம்தான் என்றார். வெளிச்சம் பட்டதும் சிலிக்கானில் ஒட்டிக்கிடக்கும் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்புமாம். அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளிவிடும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறதாம். அந்த ஓட்டம்தான் கரண்டாம். பலகையில் உள்ள கட்டங்களை வரிசையாகக் கோத்திருப்பதால், சிலவற்றில் நிழல் விழுந்தாலும் மொத்த ஓட்டமும் படுத்துவிடும் என்றார். பாதிதான் புரிந்தது. ஆனாலும் மாமா என்றால் எனக்கு உயிர், பலமாகத் தலையாட்டினேன்.

வத்தல் காயப்போட்டால் காக்காய் அண்டாமல் இருக்கக் கறுப்புக் குடையை விரித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். விருந்தாளிகள் வரும் நேரத்தில் காக்காய் எச்சமிட்டு மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று அம்மா பலகைக்கும் ஒரு குடையைக் காவல் வைத்திருந்தாள். வைத்தபோது நிழல் ஒதுங்கித்தான் இருந்தது. வெயில் நகர நகர, அது பலகையின் அடிவரிசையில் ஏறிவிட்டது.

பெண் வீட்டாரோடு எல்லோரும் மாடி ஏறியபோது காத்தாடி அசையாமல் நின்றது.

"வெயிலு மண்டையப் பொளக்கு, உங்க காத்தாடி சுத்த மாட்டேங்கே தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

மாமா பலகையை ஒரு பார்வை பார்த்தார். குடையை எடுத்து மடக்கினார். காத்தாடி சுற்றத் தொடங்கியது. பெண்ணின் அப்பா விடவில்லை. தொழில் தெரிந்தவன் வீட்டில் இப்படியா என்கிற முகத்தோடு, குடையை வைத்தது யார் என்று கேட்டார். அம்மா முந்தானையைக் கையில் எடுத்தாள்.

"நாந்தான் வச்சேன். நிழலு விழும்னு தோணல" என்றார் மாமா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. காலையில் எனக்கே பாடம் எடுத்தவர் இப்படிச் சொல்லலாமா? உண்மையைப் போட்டு உடைக்க வாயெடுத்தேன். மாமா என் தலையில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பெண்ணின் அப்பா பார்த்தார். பிறகு மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, கீழ போவோம். காப்பி குடிச்சிட்டு நாள் பாப்போம்" என்றார்.

காத்தாடி சுற்றியதைப் பார்த்துத்தான் அவர் பெண் கொடுத்தார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.