இடிந்தபடியே இருக்கட்டும்

சுவரைத் தட்டிவிட்டு அதன்மேல் காதை வைக்கிறார் அமாதே. கண்ணை மூடிக்கொள்கிறார். "நல்லா மூச்சு விடுது," என்கிறார். வீட்டுக்காரருக்கு மூச்சு வருகிறதா என்று கேட்பதில்லை.

மொசாம்பிக் தீவின் பழங்கட்டடங்களுக்கு அவர் மேற்பார்வையாளர். கடற்கோட்டையிலிருந்து மீன்சந்தைவரை எந்தக் கல் நகரவும் அவர் கையெழுத்து வேண்டும். கழுத்தில் விசில் தொங்கும்; யாராவது கொத்துக்கரண்டி எடுத்தால் ஊதுவார். கதவுக்குப் பச்சை அடித்த மீன்காரி முவாசிதியை ஒரு வாரம் அலையவிட்டார்.

"போர்ச்சுகீஸ்காரன் காலத்துல இந்தக் கதவு நீலந்தாம்மா."

"அவன் காலத்துல இந்த வாசல்ல அடிமைங்களக் கட்டிவெச்சிருந்தாங்க. அதையும் திருப்பிக் கொண்டாரட்டா ஐயா?"

அமாதே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதற்கு விதி இல்லை. "நீலம்," என்றார்.

கோட்டைக்கும் மாளிகைகளுக்கும் கல் தோண்டிய பள்ளத்தில், மழை வந்தால் முழங்கால்வரை தண்ணீர் நிற்கும் ஓலைக் குடிசையில் பிறந்தவர் அவர். வேலை கிடைத்ததும் கல்வீட்டுக்கு வந்தார். "எங்க பாட்டன் பூட்டன் சுமந்த கல்லு. அதுக்குள்ள நான் தூங்கறேன்," என்பார். அப்போது மட்டும் குரலில் அதிகாரி இருப்பதில்லை.

போன டிசம்பரில் அவர் வீட்டு அடுப்படிச் சுவர் வயிறு தள்ளியது. மனைவி அஞ்சா சிமெண்டு வாங்கி வந்தாள்.

"சிமெண்டு ஆகாது. பழைய மாதிரி சுண்ணாம்புதான். மனு குடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கொடுத்தாள். சுண்ணாம்பின் வகை குறிப்பிடப்படவில்லை என்று நிராகரித்து, முத்திரை குத்தி, அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

ஜனவரி மழையில், நண்பகலில், சுவர் விழுந்தது. களிப்பானை நசுங்கியது. அஞ்சா வாசலுக்கு வந்திருந்ததால் பிழைத்தாள். சத்தம் கேட்டுத் தெருக்காரர்கள் நாங்கள் ஓடியபோது, அமாதே அவள் தலையையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. ஒன் சரித்திரந்தான்யா களியில விழுந்து கெடக்கு."

வழியை அடைத்த கல்லைத் தூக்க முவாசிதி குனிந்தாள். விசில் பறந்தது.

மறுநாள் காலை அந்தக் குவியலின் முன்னால் ஒரு பலகையை நட்டார்: 'பாதுகாக்கப்பட்ட இடிபாடு. கற்களை அகற்றுவது குற்றம்.' எட்டி நின்று, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அஞ்சா வெளியே வந்தாள். துவைத்த இடுப்புத்துணியை ஓங்கி ஒரு உதறு உதறி, எழுத்து மறையப் பலகைமேல் காயப்போட்டாள்.