வெள்ளைத் தகடு

இந்த ஜனவரியிலும் அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருந்தது. விஞ்ஞானிகள் சிலர் வைத்திருக்கும் அடையாளக் கடிகாரம் அது. நள்ளிரவு என்றால் உலகத்தின் முடிவு. அணுகுண்டு அபாயம் கூடினால் முள்ளை அதற்கு அருகே நகர்த்துவார்கள். தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலில் தனியாக இருக்கும் என் தங்கைக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"எப்பெப்போ நவுத்துவாங்கண்ணா?"

"வருசத்துக்கு ஒருவாட்டி கூடிப் பேசுவாங்க."

"நடுவுல எவனாவது குண்ட தூக்கினா? கடியாரம் அடுத்த பொங்கலுக்குத்தான் முழிச்சிக்குமா?" என்று சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. காபியைக் கீழே வைத்தேன்.

நந்திதுர்க் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாசலில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். வாசல் பலகையில் ஒவ்வொரு லெவலின், அதாவது ஆழத் தளத்தின், எண்ணுக்குக் கீழேயும் ஒரு தகரத் தகடு தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. பாறை அதிர்ந்திருந்தால் சிவப்பு; அந்த லெவலுக்கு யாரும் இறங்கக் கூடாது. ஷிப்டு தொடங்குமுன் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆட்கள் தங்கள் லெவலின் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கீழே இறக்கும் கேஜில் ஏறுவார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், கையெழுத்துப் போட்ட பிறகு கீழிருந்து போன் வந்தது. தங்கை கணவர் வேலை செய்யும் லெவலில் அதிர்வு. கையெழுத்தான பலகையை மாற்ற வேண்டுமென்றால் மேலதிகாரியைத் தேடிப்போய் விளக்கம் சொல்ல வேண்டும். சின்ன அதிர்வுதானே, அடுத்த ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர் வரிசையில் வந்தார், தகட்டைத் தொட்டார், தன் லெவலுக்கு முதல் ஆளாக இறங்கினார். கொஞ்ச நேரத்தில் பாறை வெடித்தது. ஏர்பிளாஸ்ட் என்போம். அவர் உயிரோடு மேலே வரவில்லை. எல்லாரும் ஓடிய குழப்பத்தில் தகட்டைச் சிவப்பாகத் திருப்பினேன். சிவப்பைப் பார்க்காமல் இறங்கிவிட்டார் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"அப்ப, அவரு தொட்டாரா?"

"தொட்டாரு. வெள்ளைய. நான் பாத்துனு இருந்தேன்."

"குடிச்சிட்டுப் பாக்காம போயிட்டாருன்னு, வருசா வருசம் படையல் வெக்கும்போது திட்டினு இருந்தேண்ணா."

எழுந்து, முந்தானையால் அவர் படத்தைத் துடைத்தாள். படத்தைப் பார்த்தபடி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"அவரோட கொஞ்சம் பேசணும். நீ கெளம்பு."

அதன் பிறகு மூன்று ஞாயிறு போயிருக்கிறேன். கதவைத் திறக்கிறாள். காபி தருவதில்லை.