சீம்பால் காட்டிக்கொடுத்தது

அறுபதுகளின் தொடக்கத்தில், கிடைத்த சர்க்கார் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து ‘கால்நடை மருத்துவர்’ என்று பலகை மாட்டினேன். வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக ஓர் ஆட்டுக்குட்டிகூட எட்டிப் பார்க்கவில்லை. முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு ஒருவர் வந்தார். பலகையை அவர் அப்படிப் படித்திருக்கிறார்.

நான்காவது வாரம் எரியோட்டிலிருந்து ஒரு விவசாயி மூச்சிரைக்க வந்தார். கன்று போட்டு இரண்டு நாளான பசு, காலையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். மருந்துப் பையோடு அவருடனே பஸ் ஏறினேன்.

சிந்திக் கலப்புப் பசு. தலையை விலாப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. காது சில்லென்றிருந்தது. கன்று போட்டதும் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோடு போய்விடுவதால் ஒரு நோய் வரும். அதைப் படித்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. நிறையப் பால் கறக்கும் மாட்டுக்குத்தான் பெரும்பாலும் அது வரும். மருந்தை ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். நோய் வேறாக இருந்தால் இதயமே நின்றுவிடலாம்.

எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்டேன். விவசாயி மனைவியைப் பார்த்தார்.

“என்னத்த சார், கன்னு குடிச்சது போக அரைப்படி தேறும்” என்றார் அந்த அம்மா.

அரைப்படியா? அப்படியானால் அந்த நோய் இல்லை. கருப்பையைச் சோதித்தேன், இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பசுவுக்குக் கண் செருகத் தொடங்கியது. முதல் மாடே செத்துவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பசுவைவிட என் பலகைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் தூக்குவாளியோடு வந்தார்.

“என்னக்கா, நேத்து தெருவுக்கே சீம்பால் ஊத்துனீக, எங்க வீட்டுக்கு மட்டும் வரலையே?”

வீட்டுக்கார அம்மா கண்ணாலேயே அவரை அடக்கினார். அரைப்படி கறக்கும் மாடு தெருவுக்கே எப்படி ஊற்றும்? வீட்டுக்கார அம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். வைக்கோல் போர் மறைவுக்கு வந்து, பசுவின் காதில்கூட விழாதபடி சொன்னார்.

“ஒரு வேளைக்கு நாலு படி சார். வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு யாரு கேட்டாலும் அரைப்படின்னுதேன் சொல்லுவோம். கோவிச்சுக்கிராதீக.”

கோபிக்க நேரமேது? புட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, பசுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். பாதிப் புட்டி இறங்கியதும் தோல் சிலிர்த்தது. பிறகு சாணி போட்டது. சாணியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அரை மணி நேரத்தில் தள்ளாடி எழுந்து நின்று கன்றை நக்கியது. அந்த அம்மா அழுதுகொண்டே உப்பும் மிளகாயும் எடுத்துப் பசுவுக்குச் சுற்றிப் போட்டார். அப்படியே எனக்கும் சேர்த்துச் சுற்றினார்.

அதற்கப்புறம் எந்தத் தொழுவத்திலும் பால் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. “சீம்பால் எத்தனை வீட்டுக்குக் குடுத்தீக?” என்பேன். பெருமையாக விரல்விட்டு எண்ணுவார்கள். அந்த அம்மா என்னிடம் பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டு, ஒரு பசுவைச் சாகக் கொடுக்க இருந்தவன் நான்தான்.