பாலி முகமூடி

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் காட்சிசாலையைத் துப்புரவு செய்துவந்தேன். அங்கே சுவரில் பாலித் தீவின் நடன முகமூடி ஒன்று தொங்கியது. அதன் பார்வை தாங்காமல், கூட்டி முடிக்கும்வரை என் கைக்குட்டையால் அதை மூடிவைப்பேன்.

“மரத்துண்டுக்கும் வெட்கமோ, தம்பி?” என்று கூட வேலை செய்த அக்கா சிரிப்பார்.

ஒருநாள் கைக்குட்டையை எடுக்க மறந்துவிட்டேன். காட்சிசாலைக்கு விருந்தினராக பாலியிலிருந்து வந்திருந்த நடனக்காரர் ஒருவர் அதைக் கண்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் சொன்னதைக் காட்சிசாலையை நடத்திவந்த சின்யோரா அம்மாள் எனக்கு விளக்கினார். ஆடாத முகமூடியை அவர்களும் துணியால்தான் மூடுவார்களாம். நின்றுபோன அந்த முகமூடி ஆட்டத்தைத் தங்கள் ஊரில் இப்போது மீண்டும் தொடங்கியிருக்கிறார்களாம்.

அன்று மாலை நடனக்காரர் அனுமதி வாங்கி அந்த முகமூடியை அணிந்து ஆடினார்.

காலையில் தூசி தட்ட எடுத்தேன். உட்புறம் அவர் மூச்சுப் பட்டு இன்னும் ஈரமாக இருந்தது. மூச்சு விடுகிற முகத்தை மூட எனக்குக் கை வரவில்லை.